திரும்பி வராவிட்டால்

பம்பாய், 1966

அன்பு மீனம்மாளுக்கு,

இன்று கம்ப்யூட்டர் வகுப்பில் ஃபங்ஷன் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு சிறு வேலைக்குப் பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கம்ப்யூட்டர் போய் அதை முடித்துவிட்டு, கூப்பிட்ட இடத்துக்கே திரும்பிவிடும் என்றேன்.

நம் ஆலங்குடிக்காரர் ஒருவர், "திரும்பி வரலேன்னா என்ன சார் பண்றது?" என்று கேட்டார்.

"இஃப் போட்டு, வந்தா இந்த வழி, வரலேன்னா அந்த வழின்னு முன்னாடியே எழுதி வச்சிரணும்," என்றேன். வகுப்பை அத்தோடு முடித்துவிட்டேன்.

புயலன்று படகேறிப் போன நம் குழந்தைசாமியை நீ இன்னமும் மணமேல்குடிக் கரையில் நின்று கூப்பிடுகிறாயாம். உன் அண்ணன் எழுதியிருக்கிறார்.

லீவு கேட்டிருக்கிறேன். அவன் வரமாட்டான் என்று உன்னிடம் சொல்லத்தான் வருகிறேன். ஆனால் கரையில் உன்னைக் கண்டதும் நானும் கூப்பிட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
அவனுடைய அப்பா