மூன்று கிலோவுக்குள் ஒரு துப்பாக்கி

மவுண்ட் வெல்லிங்டன், ஆக்லாந்து
12 ஜனவரி 2025

அன்புள்ள ராசா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. தெற்குத் தீவில் மலையடிவாரத்தில் மோட்டல் நடத்துகிறவனுக்கு என்ன கேடு? நான் சற்றுத் தடித்திருக்கிறேன். வீட்டில் அம்புஜமும்தான்; இதை நீ யாரிடமும் சொல்லிவிடாதே.

காகிதத்தில் எழுதுகிறேனே என்று பயப்படாதே, யாரும் சாகவில்லை. போனில் உன் பெயர் வந்தாலே பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி என் முகம் ஆகிவிடுகிறது. அம்புஜம் என் போனைப் படிக்கிறவள் இல்லை, முகத்தைப் படிக்கிறவள்.

விஷயம் இதுதான். ஏப்ரலில் கலைமான் கத்தும் பருவத்துக்கு உன்னோடு மலையேற வேண்டும். போன வருடம் பாதி மலையில் நான் உட்கார்ந்துவிட்டதால் உனக்கும் வேட்டை போயிற்று. குற்றவாளி நானல்ல, என் துப்பாக்கி. ஸ்கோப், சைலன்சர் எல்லாம் சேர்த்து நாலரைக் கிலோ. ஒரு பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. பிள்ளையையாவது இறக்கிவிட்டால் கொஞ்சம் நடக்கும்.

ஆகவே நீ உன் கராஜில் எனக்கு ஒரு லேசான துப்பாக்கி கட்டித்தர வேண்டும். கார்பன் கட்டை, மெல்லிய குட்டைக் குழல், சின்ன ஸ்கோப், எல்லாம் சேர்த்து மூன்று கிலோவுக்குள். தோட்டா ஏற்ற இழுக்கிற போல்ட்டை மட்டும் வலதுகைக்காரருக்கு ஏற்ற மாதிரி வைத்துவிடு, போதும்.

இப்போதெல்லாம் உன்னோடு மலையேறுவது தாரிணி என்ற பல் டாக்டராமே? ஆடு மாதிரி ஏறுகிறாளாம். நல்லது, நல்லது. நான் பொறாமைப்படுகிற ஆள் இல்லை. அவளுக்கு முழங்கால் எப்படி?

உன் வேட்டைக் கூட்டாளி
(இன்னும் பதவியில் இருக்கும் நினைப்பில்)
ரவிசங்கர்


ஹோக்கிட்டிகா
21 ஜனவரி

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. நீ துப்பாக்கி என்கிற துவக்கு, எங்கள் யாழ்ப்பாணத்தில் வேறு கதை. இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்கு ஃப்ரீசரை நிரப்புகிற சாமான் ஆனது. அதனால்தான் ஆற அமர இருந்து கழற்றிப் பூட்டுகிறேன். நீயும் ஆற அமரக் கேள்.

துவக்கில் எதைக் குறைத்தாலும் வேறெங்கோ ஒன்று கூடும். குழலைக் குட்டையாக்கினால் தூக்க லேசு, ஆனால் வெடிச் சத்தம் காதைப் பிளக்கும், தோட்டாவின் வேகமும் விழும். குழலை மெலிதாக்கினால் இரண்டு வெடிக்குள் சூடேறிக் குறி தள்ளிக்கொண்டு போகும். பாரமான துவக்கு தன்பாட்டில் அசையாமல் இருக்கும். லேசானது மூச்சு வாங்குகிறவன் கையில் ஆடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் விட, உதை. பாரம் குறையக் குறைய அது கழுதை மாதிரித் தோளில் உதைக்கும்.

அது கிடக்கட்டும். வலதுகைப் போல்ட் என்னத்துக்கு? பதினொரு வருடமாக நீ இடது தோளில் வைத்துச் சுடுகிறவன். என்னடா ஒளிக்கிறாய்?

தாரிணியின் முழங்கால் நன்றாக இருக்கிறது. அவள் கதைக்காமல் ஏறுவாள். உனக்கு அது ஏலாது.

அன்புடன்
ஆனந்தராசா


மவுண்ட் வெல்லிங்டன்
2 பிப்ரவரி

அன்புள்ள ராசா,

உன் கடிதத்தைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தது அம்புஜம். கவரின் மேல் உன் மோட்டல் பெயர், பக்கத்தில் இரட்டைக் கட்டில் படம். படுபாவி, வெள்ளைக் கவரே கிடைக்கவில்லையா உனக்கு?

“என்னங்க இது?” என்றாள்.

“பில்லு” என்றேன்.

“எந்த மோட்டல்ல தங்குனீங்க? யாரோட?”

என் வாழ்நாளில் இதைவிட மட்டமான பொய் நான் சொன்னதில்லை. கடைசியில் துப்பாக்கி விஷயம் என்று ஒப்புக்கொண்டேன். அவள் கவரை என் கையில் திணித்தாள். “பொம்பளையா இருந்திருந்தாக்கூடப் பரவால்ல போலருக்கே” என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதில் நியாயம் உண்டு. நவம்பரில் சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில், கையில் பிடித்த கொத்தமல்லிக் கட்டோடு நான் விழுந்தேன். விலையைக் கேட்டு விழுந்தேன் என்றுதான் கடைக்காரர் முதலில் நினைத்தாராம். இதயம் தாளம் தப்புகிறதாம். இடது தோளுக்குச் சற்றுக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைப் போல ஒரு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள்.

ஏன் இடது பக்கம்? அதுதான் என் சாதனை. நீங்கள் எந்தக் கைக்காரர் என்று நர்ஸ் கேட்டாள். பீச்சாங்கை என்று சொல்ல எனக்கு நாக்கு வருமா? சின்ன வயதில் அந்தக் கையால் இட்லியைத் தொட்டு வாங்கிய அடியெல்லாம் ஒன்றாக வந்து நின்றது. ‘ரைட்’ என்றேன், கம்பீரமாக. வலதுகைக்காரன்தானே என்று இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார்கள்.

இனி அந்தத் தோளில் துப்பாக்கி வைக்கக் கூடாது, உதையில் உள்ளே கம்பி நகர்ந்துவிடும் என்கிறார் டாக்டர். வலது தோளுக்கு அரை மனதாகத் தலையாட்டினார். பாரம் தூக்க எனக்கு மூச்சும் போதவில்லை. ஆகவே லேசான துப்பாக்கி, வலதுகைப் போல்ட். உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய், அதனால்தான் சொல்லவில்லை. ஏப்ரலில் நான் வராவிட்டால் இனி எந்த ஏப்ரலிலும் வர மாட்டேன், ராசா. அது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று மட்டும் எழுதாதே.

ரவி


ஹோக்கிட்டிகா
20 பிப்ரவரி

அன்பின் ரவி,

உனக்கு விசரா? நெஞ்சுக்குள் மிஷின் வைத்ததை எனக்குச் சொல்லாமல் குழலின் நீளத்தைப் பற்றி எழுதுகிறாய். இரண்டு கிழமையாக உன்னைத் திட்டித் திட்டித்தான் இந்தத் துவக்கைக் கட்டினேன். திட்டில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது, நேரில் தருகிறேன்.

பாரமும் கூடாது, உதையும் கூடாது என்றால் ஒரே வழிதான் உண்டு. சின்னத் தோட்டா. சின்னத் தோட்டாவைத் தூரத்தில் இருந்து சுட்டால் மான் காயத்தோடு பற்றைப் புதருக்குள் போய்க் கிடந்து சாகும். அந்தப் பாவத்துக்கு நான் துவக்குக் கட்டித் தரமாட்டேன். மிகக் கிட்டத்தில் இருந்துதான் சுட வேண்டும். நீ மானிடம் போக ஏலாது, மான் உன்னிடம் வர வேண்டும். அதற்கு மேலே ஏறத் தேவையில்லை. ஆற்றுப் படுகையில் விடிய முன்னம் போய் இருந்துவிட வேண்டும். கை அசையக் கூடாது, வாய் அசையக் கூடாது. வெயில் ஏறும் மட்டும்.

துவக்கு முடிந்துவிட்டது. இரண்டே முக்கால் கிலோ. தாரிணி சுட்டுப் பார்த்தாள், தோளில் தட்டிக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்றாள். பாரத்தை நான் குறைத்தேன், உதையையும் குறைத்தேன். நீ சும்மா இருக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். ஏலுமா? ஏலாதென்றால் இப்பவே சொல்லு.

ஆனந்தராசா


மவுண்ட் வெல்லிங்டன்
9 மார்ச்

அன்புள்ள ராசா,

பழகினேன். வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, செர்ரி மரத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். முதல் நாள் உட்கார்ந்த சூட்டோடு எழுந்து வேலியைச் சரிசெய்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வேலியையும் சரிசெய்தேன். அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அம்புஜம் சமையலறை ஜன்னலைத் திறந்தாள்.

“என்னங்க, நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல, சும்மா உக்காந்திருக்கேன்.”

“சும்மாவா? இருங்க, ஆம்புலன்ஸக் கூப்புடறேன்.”

விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்தால் தோளுக்குக் கீழே அந்தத் தீப்பெட்டி இருப்பது தெரிகிறது. நடந்தால் தெரிவதில்லை, பேசினாலும் தெரிவதில்லை. வாயை மூடி உட்கார்ந்தேனோ இல்லையோ, இந்தத் துடிப்பு என்னுடையதா, அதனுடையதா என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். அடுத்தது வருமா என்று காத்திருக்கிறேன். வந்துவிடுகிறது. உடனே அதற்கடுத்ததற்குக் காத்திருக்கிறேன். அப்புறம் தாங்காமல் எழுந்துபோய்ச் சுத்தியலை எடுக்கிறேன். நவம்பரிலிருந்து இந்த வீட்டில் ஆணி அடிக்காத சுவர் இல்லை. மாட்டத்தான் படம் இல்லை.

மலையேற முடியாது என்பதைக்கூட ஒப்புக்கொண்டுவிட்டேன். இருட்டில் தனியாக, சத்தமில்லாமல், அதோடு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. துப்பாக்கியைத் தாரிணிக்கே கொடுத்துவிடு. நீ கட்டியது வீணாகக் கூடாது.

ரவி


ஹோக்கிட்டிகா
17 மார்ச்

அன்பின் ரவி,

தனியாக என்று யார் உனக்குச் சொன்னது? தாரிணி மேலே போகட்டும். அவளுக்கு வழி தெரியும். நான் உனக்குப் பக்கத்தில் படுகையில் இருப்பேன். எனக்கும் ஐம்பத்தாறு வயது, மச்சான். நான் முழங்கால் நோவோடு மலையில் இருந்து இறங்குகிறபோது என் முகத்தை நீ பார்த்ததில்லை. நீ எப்போதும் பின்னால் புலம்பிக்கொண்டு வருவாய்.

டிக்கெட் எடு.

ராசா


மவுண்ட் வெல்லிங்டன்
25 மார்ச்

அன்புள்ள ராசா,

டிக்கெட்டை அம்புஜமே எடுத்துவிட்டாள். “அண்ணன் பக்கத்துலயே இருப்பாரா?” என்று மட்டும் கேட்டாள். இருப்பார் என்றேன். மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைக்கிறாள்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை வேண்டாம். நீ பக்கத்தில் இருந்தால் நான் பேசுவேன். மெதுவாகத்தான், ஆனாலும் பேசுவேன். வாயை மூடு என்று நீ முறைத்தாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்குவேன். மான் ஓடிவிடும்.

பரவாயில்லையா?

ரவி


ஹோக்கிட்டிகா
31 மார்ச்

அன்பின் ரவி,

ஓடட்டும்.

ஃப்ரீசரில் தாரிணி சுட்டது நிறையக் கிடக்கிறது. சான்ட்ரிங்ஹாமில் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் ஒரு பை வாங்கி வா. இங்கே அதுதான் இல்லை.

ராசா