தோள் உயரம் 142

குறிப்பு எண் 1
5 நவம்பர் 2018, திங்கட்கிழமை, காலை 7.20, அந்திகுவா

செப்டம்பர் 11 அன்று சந்தை வாசலின் கல்தரையில் விழுந்தேன். 14 அன்று இடது இடுப்பில் ஒரு தகடும் நான்கு திருகுகளும் வைத்துத் தைத்தார்கள். இன்றோடு ஐம்பத்திரண்டு நாட்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, கால் நான்கு சென்டிமீட்டர் குட்டையாகச் சேர்ந்திருக்கிறது. இந்த நீளம் இனித் திரும்பாது என்று மருத்துவர் சொன்னார். காலணிக்குள் ஒரு சென்டிமீட்டர் அட்டை வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் தடித்தால் இந்த ஊர்க் கல்தெருவில் கணுக்கால் புரண்டு மறுபடி விழுவேனாம்.

உடற்பயிற்சி சொல்லித்தர வரும் யெசேனியா தினமும் எழுதச் சொன்னாள். எழுதுகிறேன். என் நோக்கம் ஒன்றே: 19 ஏப்ரல் 2019, பெரிய வெள்ளி. ஊர்வலச் சப்பரத்தைத் தெருவுக்கு ஒரு குழு மாற்றித் தூக்கும்; அதை முறை என்போம். நாற்பத்தொரு ஆண்டுகளாக ஏழாவது முறையில், இடப்பக்கம், பதினான்காம் தோள் என்னுடையது. ஓராண்டு தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். விதி எனக்குத் தெரியாததல்ல. பத்தொன்பது ஆண்டுகள், சப்பரம் தூக்கும் எங்கள் சபையின் அளவுகோலை வைத்திருந்தவன் நான். ஒரு முறையில் நிற்கும் எண்பது பேருக்கும் தோள் ஒரே உயரத்தில் இருந்தால்தான் பாரம் சமமாக இறங்கும். அதனால்தான் தவக்காலத்துக்கு முன் ஒவ்வொருவர் தோளையும் அளந்து இடம் தருகிறோம்.

என் தோள் உயரம் 142. இருந்தது.

எண் 2
9 நவம்பர், வெள்ளி, காலை 10.05

நாற்காலியிலிருந்து கைப்பிடி தொடாமல் எழுவது: குறி ஐந்து, முடிந்தது இரண்டு. மூன்றாவதில் அப்படியே சரிந்து உட்கார்ந்தேன். யெசேனியா சிரித்தாள்.

"ஐயா, பென்சிலைக் கீழ வைங்க. எழுதுறதுக்குன்னே எந்திரிக்கிறீங்க போலிருக்கே."

எழுபத்தொரு வயதில் எழுந்து நிற்பதை ஒரு சாதனையாகக் குறித்து வைக்கிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் ஒரு தேதியும் பிழையாக எழுதாத கை இது.

எண் 3
28 நவம்பர், புதன்

இன்று எதுவும் செய்யவில்லை.

எண் 4
24 டிசம்பர், திங்கள், பிற்பகல் 4.30

எலுவியா பண்டிகைக்குச் சோளமாவைப் பொதிந்து தமால் கட்டிக்கொண்டிருந்தாள். வாழையிலையை எடுத்துத் தரச் சொன்னாள். எழுந்தேன், நடந்தேன், கொடுத்தேன். கைத்தடியை மறந்திருந்தேன். நாற்பத்தாறு ஆண்டுகளாக என் மனைவி அவள்; இலையைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கண்ணாடியில் என் நடையைப் பார்த்தேன். ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் ஏறி— இதுவா நான்? பார்த்திருக்கக் கூடாது.

எண் 5
17 ஜனவரி 2019, வியாழன், காலை 8.00

நாற்காலி: பதினைந்து. படி ஏறி இறங்குதல்: நான்கு சுற்று. தோளில் மக்காச்சோள மூட்டை, இருபது ராத்தல், முற்றத்தில் ஆறு நடை. வலி உண்டு, குறிப்பதற்கில்லை.

யெசேனியா கேட்டாள்: "உங்க உயரத்துக்கு ஏத்த முறைக்கு மாத்திக் கேக்கலாமில்ல? அங்கேயும் அதே சாமிதானே?"

அந்த முறைக்கு மூன்றாம் எண். தோள் உயரம் 138. அதில் நிற்பவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. புதியவனா, எந்த இடம் என்று தெருவில் என்னைக் கேட்பார்கள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? பார்க்கலாம் என்றேன்.

எண் 6
2 பிப்ரவரி, சனி

நாற்பது ராத்தல். இரண்டு நடை. மூன்றாவதில் மூட்டை விழுந்து வெடித்து முற்றமெங்கும் சோளம். எலுவியா பெருக்கினாள். "கோழிங்களுக்காவது இன்னைக்குப் பெருநாள்" என்றாள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

எண் 7
24 பிப்ரவரி, ஞாயிறு, பகல் 12.40

அளவு நாள். இரவு உறங்கவில்லை. வரிசையில் நின்றபோது வலது காலில் முழு எடையையும் வைத்து, நீண்ட காற்சட்டைக்குள் இடது குதிகாலைத் தூக்கி நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

பின்னால் நின்ற ஒருவர் தோளைத் தட்டினார். "பெரியவரே, செருப்பு தடிச்சிருக்குன்னு எங்கப்பாவைத் திருப்பி அனுப்பினீங்களே, ஞாபகமிருக்கா? சாகுற வரைக்கும் உங்களைத் திட்டினாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது அளவுகோல் ஆர்னுல்போவிடம். என்னோடு அதே முறையில் முப்பது ஆண்டு தூக்கியவன். என்னைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொண்டான்.

"வாய்யா மௌரிலியோ! உன்னை அளக்கவா? உன்னை அளந்தா எனக்குப் பாவம்யா. நூத்தி நாப்பத்திரெண்டு. எழுதியாச்சு, போ."

கோலை அவன் தொடவே இல்லை. குதிகாலைத் தூக்கும் தேவையும் வரவில்லை. அளந்து பார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். முறைக்கான அட்டையை வாங்கிக்கொண்டேன்.

எண் 8
6 மார்ச், திருநீற்றுப் புதன்

"அளந்துட்டாங்களா ஐயா?" என்றாள் யெசேனியா.

"அளவு எழுதப்பட்டது" என்றேன். இந்த வாக்கியத்தில் பிழையில்லை. அதுதான் அதிலுள்ள பிழை.

எண் 9
14 ஏப்ரல், குருத்து ஞாயிறு, காலை 6.50

அறுபது ராத்தல். பத்து நடை. கால் நடுங்கவில்லை. ஏழு மாதத்தில் முதன்முறையாக என் உடம்பை நான் வெறுக்கவில்லை.

எண் 10
19 ஏப்ரல், பெரிய வெள்ளி, மாலை 5.15

ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை 9.40க்கு ஏழாவது முறை. ஊதா அங்கி. தெருவில் மரத்தூள் கோலம், நாங்கள் மிதிப்பதற்காகவே இரவெல்லாம் போட்டது. எனக்கு முன்னால் ரொட்டிக்கடை தனிலோ, பதின்மூன்றாம் தோள். மணி அடித்தது. சப்பரம் எழுந்தது. தொண்ணூறு ராத்தலுக்குக் குறையாத பாரம் என் தோளில் இறங்கும் என்று பல்லைக் கடித்தேன்.

இறங்கவில்லை.

வலது அடியில் சப்பரத்தின் தண்டு தோளை உரசியது. இடது அடியில் விலகியது. இடையில் கையை நீட்டினேன் — போயிற்று. கை முழுதும் போயிற்று. தோளுக்கும் மரத்துக்கும் நடுவில் காற்று. நிமிர்ந்தேன், கழுத்தை நீட்டினேன், நுனிக்காலில் எம்பினேன், அப்படியே அடியெடுத்து வைக்க முடியவில்லை. எட்டவில்லையே! ஒரு தெரு முழுக்க, முனையிலிருந்து முனைவரை, எல்லோரும் பார்க்க, வெறும் தோளோடு நடந்தேன். கால் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. எவ்வளவு நன்றாக நடந்தேன்!

தனிலோவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முறை முடிந்ததும் தோளைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் போனான்.

எலுவியா நடைபாதையில் அழுதுகொண்டிருந்தாள். "தூக்கிட்டீங்களே" என்றாள்.

எண் 11
20 ஏப்ரல், சனி

தெருவில் மூன்று பேர் வாழ்த்தினார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

எண் 12
23 ஏப்ரல், செவ்வாய், காலை 11.30

ரொட்டிக்கடைக்குப் போனேன். கடையில் வேறு யாருமில்லை. தனிலோவிடம் சொன்னேன்: என் அளவு பொய், உன் தோளில் என் பாரமும் இருந்தது.

"தெரியும் பெரியவரே. ரெண்டாவது அடியிலேயே தெரிஞ்சுபோச்சு."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"எதைச் சொல்ல? பின்னால இருந்தவனும் நானும் கண்ணைக் காட்டிக்கிட்டோம். எடுத்துக்கிட்டோம். உங்க முகத்தைப் பார்த்தா... விடுங்க. அடுத்த வருஷமும் வாங்க, நாங்க இருக்கோம்ல?"

சட்டையை விலக்கச் சொன்னேன். மறுத்தான். வற்புறுத்தினேன். தோள் கருநீலமாக இருந்தது. அவன் எனக்கு ஒரு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தான். வழியில் சாப்பிட முடியவில்லை.

"நாங்க இருக்கோம்ல." அன்பாகத்தான் சொன்னான். ஆனால் இரண்டாம் அடியிலிருந்து தெரு முனைவரை நான் தூக்கியவர்களில் ஒருவனல்ல. சுமையில் ஒரு பகுதி.

எண் 13
26 ஏப்ரல், வெள்ளி, காலை 9.10

யெசேனியாவிடம் எல்லாம் சொன்னேன். வைவாள் என்று நினைத்தேன். அளவு நாடாவை எடுத்துவரச் சொன்னாள். சுவரோரம் நிறுத்தினாள். "ரெண்டு காலும் தரையில ஐயா. முழுசா." நின்றேன். உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வோடுதான் இனி. அவள் அளந்தாள். மறுபடி அளக்கச் சொன்னேன். அதே எண்.

பிறகு நாற்காலி: இருபது. அவள் கேட்காமலே செய்தேன்.

எண் 14
27 ஏப்ரல் 2019, சனிக்கிழமை, காலை 8.45. சபைக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்

தலைவர் அவர்களுக்கு,

ஏப்ரல் 19 அன்று ஏழாவது முறையின் பதினான்காம் தோளுக்குரிய பாரத்தை நான் தூக்கவில்லை. முன்னும் பின்னும் நின்ற இருவர் தூக்கினார்கள். பிப்ரவரி 24 அன்று என் அளவு எடுக்கப்படவில்லை. அதை அறிந்தும் நான் மௌனமாக இருந்தேன். குற்றம் அளவை எழுதியவருடையதன்று.

அவ்விடத்தை இன்றுமுதல் விடுகிறேன். அடுத்த ஆண்டு மூன்றாம் முறையில் எந்தத் தோள் காலியாக இருந்தாலும் போதும். இல்லையெனில் காத்திருப்பேன்.

மௌரிலியோ சமயோவா

இணைப்பு:
1. ஏழாவது முறை அட்டை, 2019.
2. இடது கால் குறைவு குறித்த மருத்துவச் சான்று.
3. தோள் உயரம் 138 என யெசேனியா அளந்து கையொப்பமிட்ட தாள்.
4. 2020க்கான புதியவர் விண்ணப்பம். "முன்பு தூக்கிய ஆண்டுகள்" என்ற கட்டத்தில் நாற்பத்தொன்று என எழுதியுள்ளேன், இவ்வாண்டைச் சேர்க்கவில்லை.