நல்ல முழங்காலுக்கு எண்ணெய்

அன்புள்ள பிரகாசி,

உன் அம்மா வீட்டில், மாதா காவலில், நீயும் உன் கோபமும் நலம்தானே? நான் ஊரூர் குப்பத்தில் நலம். போனில் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

வெட்கம்தான், சொல்லிவிடுகிறேன். எனக்கு முழங்கால் வலி இல்லை. போன மாதம் படகு கவிழ்ந்ததிலிருந்து தண்ணீர் பட்டாலே உடம்பு நடுங்குகிறது. கடலுக்குப் போகாமலிருக்க வலி என்று பொய் சொல்லி, நீ அனுப்பிய எண்ணெயைத் தினமும் தேய்த்தேன். ஒருநாள் மறந்து வலதுக்குப் பதில் இடது காலில் தேய்த்துவிட்டேன். மீன் விற்கும் தேசம்மா பார்த்துவிட்டாள்.

“இன்னா மாமா, வலி குடி மாறிக்கிச்சா? பயமா கீதுன்னு சொல்லேன், யாரு சிரிக்கப் போறாங்க?”

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, நான்தான் அழுதேன். படகுக்காரர் ராபர்ட் இந்த மாதக் கடைசிவரை காத்திருப்பார். அதற்குள் படகில் ஏறாவிட்டால் என் இடத்தில் வேறு ஆள். தினமும் காலையில் அவரும் தேசம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். முழங்கால் ஆழம்வரை வந்துவிட்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஓடாமல் நிற்கிறேன்.

போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்காததானாலும் பரவாயில்லை.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். இன்று பெரிய அலை வந்தபோது தேசம்மாவின் தலையிலிருந்த கூடையைப் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்த நண்டுகளெல்லாம் கடலுக்குத் திரும்பிவிட்டன.

லாசர்