டப்பிங்

3, செவ்வாய்
காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் வரவில்லை. அவருக்குக் கஞ்சி வடிகட்டிக் கொடுத்தேன். பாதிதான் இறங்கியது.

தொண்டையில் புற்று என்று குரல்வளையை எடுத்து எட்டு மாதம். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். அதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சொல்வேன். பக்கத்து வீட்டுச் செல்வி இன்று, "அக்கா, அண்ணனுக்கு நல்லா டப்பிங் குடுக்குறீங்க" என்றாள். அவருக்குச் சிரிப்பு. உதட்டில், "எனக்குத் தெரிஞ்ச டப்பிங் வேற" என்றார்.

தெரியும். தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். தோலில் தேய்க்கிற கொழுப்புப் பசைக்கு அங்கே அதுதான் பேர். கல்யாணமான புதிதில் அந்த வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது மருந்து வாடை மட்டும்.

5, வியாழன்
மகள் நசீமா செம்பட்டியிலிருந்து வந்தாள். அத்தா குரல் எதிலாவது இருக்குமா என்று தன் கல்யாண வீடியோவைப் போட்டாள். வீடியோக்காரர் பேச்சை எடுத்துவிட்டு முழுக்கப் பாட்டை டப்பிங் பண்ணியிருக்கிறார். அதில் இவர் விருந்தாளிகளை வரவேற்கிறார், வாய் அசைகிறது, நாதஸ்வரம் கேட்கிறது. நசீமா அணைத்துவிட்டாள்.

நாளை மறுநாள் ஆஸ்பத்திரி. ஸ்கேன் கவர், துண்டு, பஞ்சு, ஃபிளாஸ்க்.

7, சனி
கட்டி மறுபடி வந்திருக்கிறது. டாக்டர், "மருந்து ஏத்திப் பாக்கலாம். அவரு என்ன சொல்றாரு?" என்றார்.

உதடு தெளிவாக அசைந்தது. "போதும். வீட்டுக்குப் போவோம்."

நசீமா குனிந்து கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "சரிங்கிறாரு டாக்டர்."

என்னையே பார்த்தார். தலையை ஆட்டி மறுக்கவில்லை. பேனாவைக் கையில் வைத்தேன், கையெழுத்துப் போட்டார்.

8, ஞாயிறு
மேகமூட்டம். மழை இல்லை. நசீமாவிடம் உதடு அசைக்கிறார். நான் போனால் மூடிக்கொள்கிறார். வெஞ்சனம் உப்புக் கரித்தது, யாரும் சொல்லவில்லை.

10, செவ்வாய்
தொழுதேன். மனம் நிற்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

11, புதன்
மருந்து ஏற்றும் நாள். கட்டிலில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் பாட்டிலை எடுக்கப் போன நேரம் பார்த்து அவரிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன். தப்புத்தான்."

நாலு நாள் கழித்து என்னிடம் உதடு அசைந்தது. "பயந்துட்டியா?"

"ஆமா."

"நானுந்தான்." அப்புறம், "ஆனா போதும்."

நர்ஸ் ஊசியோடு வந்து, "ஐயா என்னம்மா சொல்றாரு?" என்றார்.

சொன்னேன். அவர் சொன்னதை, அப்படியே. நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.