உங்கள் சுத்தியல் என்னிடம்தான் இருக்கிறது

நைனா,

நேற்று தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். வாசற்காலைத் தூக்கிய ஆள் அதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா இது, காத்து கணக்கா கீது! உள்ள பூரா கரையான் துன்னுட்டுது." சுவருக்குள் புதைந்திருந்த முனையைப் பார்த்தேன். வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம். மற்றதையெல்லாம் தின்ற கரையான் அந்த இடத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. உங்கள் முத்திரையின்மேல் ஊருக்கு இருந்த மரியாதை அதற்கும் இருந்திருக்கிறது.

ரங்கூன் மர ஆலையில் நீங்கள் தரம் பார்ப்பவர். தேக்கின் ஒரு முனையில் என்னைத் தட்டச் சொல்லி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பீர்கள். உள்ளே பழுதில்லை என்றால்தான் நட்சத்திரச் சுத்தியல் இறங்கும். "நான் அடிச்சா அது நூறு வருஷம் நிக்கணும்" என்பீர்கள். அப்போது நீங்கள் எனக்கு அப்பா.

ஜப்பான் குண்டு விழுந்த வருஷம் ரங்கூனிலிருந்து நடந்தே கிளம்பினோம். காய்ச்சலில் போன அம்மாவை வழியில் புதைத்தோம். உங்கள் சான்றிதழ்கள் இருந்த பெட்டியை ஆறு கொண்டுபோனது. நாம் இருவரும் சுத்தியலும் மிஞ்சினோம். இங்கே முகாமில் நம்மை 'தாய்நாடு திரும்பியவர்கள்' என்று எழுதிக்கொண்டார்கள். ரங்கூனில் பிறந்த நாம் இருவருமே அதற்கு முன் இந்த மண்ணைப் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதியவரின் கையெழுத்து அழகாக இருந்தது.

ராயபுரத்து மரக்கிடங்கு முதலாளி தெற்கத்திக்காரர். "தரம் பாப்பேங்கீரு, சரி. காயிதம் எங்கவே?" நீங்கள் சுத்தியலைக் காட்டினீர்கள். "சுத்தியல் தச்சன்கிட்டயுந்தான் இருக்கு" என்று சொல்லி, மரம் உருட்டும் வேலையைக் கொடுத்தார்.

ஆறு வருஷம் உருட்டினீர்கள். இடையில், கருவாடு காயவைக்கும் சித்தியைக் கட்டிக்கொண்டீர்கள். இரண்டு தம்பிகள் பிறந்தார்கள். உருட்டுகிற மரத்திலும் நீங்கள் காதை வைப்பதைப் பார்த்துச் சித்தி கேட்பாள்: "இன்னாய்யா, கட்டையாண்ட ரகசியம் பேசிகினு கீற? என்னாண்ட ரெண்டு வார்த்த பேசேன்." நல்லவள். ஆனால் எனக்குப் பதினான்கு வயதானதும், பள்ளியை நிறுத்திவிட்டுத் தன்னோடு கருவாட்டுக்கு அழைத்துப்போவது என்று முடிவு செய்திருந்தாள். இரண்டு பேர் கூலியில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குள் யுத்தம் முடிந்து பர்மா தேக்கு மறுபடி துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது. வீடு கட்டுகிறவர்கள் பழைய நட்சத்திரத்தைக் கேட்டு வந்தார்கள். முதலாளிக்கு உங்கள் சுத்தியல் ஞாபகம் வந்தது. இந்த முறை காகிதம் கேட்கவில்லை. நாற்காலி போட்டார், நல்ல சம்பளம் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: உளுத்த மரத்துக்கும் நட்சத்திரம் வேண்டும்.

வீட்டுக்கு வந்து, "முடியாதுன்னுட்டேன்" என்றீர்கள். சித்தி எழுந்து உள்ளே போனாள். மறுநாள் காலை நான் எடுத்துப்போக வேண்டிய கருவாட்டுக் கூடையைக் கதவோரம் கொண்டுவந்து வைத்தாள். நான் கூடையைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"அடி நைனா. மரத்துக்கா தெரியப்போவுது?"

அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் உங்களை முதன்முதல் அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். காரியம் ஆகவேண்டியிருந்தது.

மறுநாள் போனீர்கள். பள்ளி விட்டு வரும் வழியில் கிடங்கு வாசலில் நின்று பார்த்தேன். தட்டினீர்கள். காதை வைத்தீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தீர்கள். பிறகு அடித்தீர்கள். சில நாளில் காது வைப்பதையும் விட்டுவிட்டீர்கள். "இன்னாய்யா, கட்டையோட சண்டையா?" என்று சித்தி கேட்டாள்.

நான் படித்தேன், நிறையவே படித்தேன். நேர்மையைப் பற்றிப் பேசக் கல்லூரிகளில் அழைக்கிறார்கள். போய்ப் பேசிவிட்டு, மாலையோடு திரும்புகிறேன்.

கடைசி நாட்களில், "அதைக் கடல்ல போட்டுடும்மா" என்றீர்கள். கடல் அப்படியொன்றும் தூரமில்லை. இருந்தும் போடவில்லை. இந்தக் காகிதம் காற்றில் பறக்காமல் இப்போது இதன்மேல் உட்கார்ந்திருப்பது அந்தச் சுத்தியல்தான். அடித்தவர் போய்விட்டீர்கள். அடிக்கச் சொன்னவளிடம் அது இருப்பதுதான் முறை.