எஞ்சினுக்கு வைத்த பொட்டு

சண்டிலிப்பாய்

அன்பு மகள் சுபாஜினிக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம், கார் மட்டும்தான் சுகமில்லை. நீயும் மருமகனும் லண்டன் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க நல்லூர் முருகன் துணை நிற்பான். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய், போனில் நான் எதைச் சொன்னாலும் அடுத்த அறையிலிருந்து அப்பாவின் காது நீண்டு வந்துவிடும், அதனால்தான் விடுமுறைக்கு வந்து லண்டன் திரும்புகிற வசந்தினியின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்த பிறகு இங்கு நடந்ததை உனக்கு ஒருவரும் முழுதாகச் சொல்லவில்லை. நம் பழைய ஒஸ்ரின் கார் எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கிற காஸ்கெட்டில் இரண்டு வகை அனுப்பியிருந்தாய் அல்லவா, அப்பாவுக்குப் பளபளத்த செம்புத் தகட்டில்தான் கண். உடுவில் மெக்கானிக் கனகலிங்கமோ, அண்ணை, உங்கடை எஞ்சின் இத்தனை வருசத்திலை மேடுபள்ளமாப் போச்சு, நசிஞ்சு குடுக்கிற மற்றதைத்தான் போடவேணும் என்றான். அதற்கே ஒரு பகல் போனது. அடுத்தது, எஞ்சின் தலையை இறுக்க நீ அனுப்பிய புதுப் போல்ற். பழையதே போதும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். கனகலிங்கம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான், பழையது ஓர் அரிசி நீளம் கூட. இழுபட்ட போல்ற் இனி இறுக்கிப் பிடிக்காது என்று அவன் சொல்ல, வயசு போக மனிசரே குறுகினம், இது வளர்ந்திருக்கு, உதுக்கென்ன குறை என்று கேட்டாரே உன் அப்பா! கடைசியில் எப்படியோ புதியதற்குச் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பூட்டினார்கள். நேரம் தவறிவிடும் என்று காஸ்கெட்டை அப்பாவே ஓடிவந்து வைத்தார். கனகலிங்கம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் போல்ற்றுகளை இறுக்கினான், அவனில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் கலியாண வீட்டுக்குப் போகும்போது மருதனார்மடச் சந்தியில் கார் ஆவி விட்டு நின்றுவிட்டது. வெங்காயம் ஏற்றிவந்த உழவு இயந்திரத்தில் கட்டித்தான் இழுத்து வந்தார்கள், பட்டுவேட்டியோடு அப்பா ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி ஒருவரையும் பார்க்காமல் இருந்தார். பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. உவள் மலிஞ்ச சாமானை அனுப்பிப்போட்டாள் என்று அவர், நீங்கள்தான் ஒழுங்கா இறுக்கேல்லை என்று நீ. இருபத்துமூன்று நாளாக நீ போன் எடுத்தால் அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விடுகிறார், இரண்டு தரம் எடுத்தால் இரண்டு குளியல்.

மகளே, குற்றவாளி நான். புதுச் சாமான் என்று காஸ்கெட்டைச் சாமியறையில் வைத்து, சந்தனம் குழைத்துத் தடிப்பாய் ஒரு பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்தேன். அது காய்ந்து கல்லாகி, அந்த இடத்தில் காஸ்கெட் ஒட்டாமல் தண்ணீர் கசிந்திருக்கிறது. திரும்பக் கழற்றியபோது கனகலிங்கம் மெதுவாக என்னிடம், அக்கா, இது சந்தனமெல்லோ என்றான். தகப்பனும் மகளும் கதைக்காமல் போனதற்கு நானே காரணம் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

முந்தநாள் தேத்தண்ணி கொடுக்கும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும், காஸ்கெட்டை வைக்கேக்கையே கண்டனான், சாமிக்கு வைச்ச பொட்டை அழிக்க மனம் வரேல்லை என்றார்! பிறகு ஏன் பிள்ளையைப் பேசினீங்கள் என்று கேட்டேன். உன்னைப் பேசினா ஆர் சமைக்கிறது, அவள் தூரத்திலையெல்லோ இருக்கிறாள் என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு உன்மேல் கோபமில்லை, உன்னோடு கதைக்க வெட்கம். உனக்குச் சொல்லவேண்டாம் என்றார், சொல்லிவிட்டேன்.

வசந்தினி தருகிற மிளகாய்த்தூளை ஈரம் படாமல் வை. மருமகனோடு வாய் காட்டாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறவாமல் போன் எடு, நான் வந்து எடுக்கமாட்டேன். முந்தநாளிலிருந்து போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்பாதான் திரிகிறார்.

ஆசையுடன்,
உன் அம்மா
குணலட்சுமி