லேசான நீலம்

அன்புள்ள தோழிக்கு,

அன்புள்ள என்று கை தானாக எழுதிவிட்டது. அதை அடித்துவிட மனமில்லை, இருக்கட்டும். நீ நான்கு நாட்களாக என் போனை எடுக்கவில்லை. மெயில் போட்டால் உன் தலைமை அலுவலகத்தில் பத்துப் பேர் படிப்பார்கள். அதனால்தான் கூரியரில் கடிதம்.

போன மாதம் நீ அவசரப்படுத்திய மலேரியா பரிசோதனை கிட் விஷயம்தான். அந்த வாரம் கிருமியைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி தேவையில் பாதிதான் கையிருப்பில் இருந்தது. அடுத்த பார்சல் வரட்டும் என்றேன். "இருக்கறத வெச்சு முடிடி, ஆர்டர் நிக்குது" என்றாய். தங்கக் கரைசலில் இருந்ததை ஊற்றிக் கலக்கினேன். சிறு குழாயில் கொஞ்சம் எடுத்து உப்புநீர் விட்டுப் பார்த்தேன். ஒரே மேசையில் நின்று நாம் இதை எத்தனை நூறு முறை செய்திருப்போம்! தங்கத் துகளைச் சுற்றி ஆன்டிபாடி நன்றாக ஒட்டியிருந்தால் உப்பு பட்டாலும் கரைசலின் சிவப்பு மாறாது. இல்லையென்றால் துகள்கள் திரண்டு நீலம் பாயும். பாய்ந்தது. பதிவேட்டில் "அனுப்பக் கூடாது" என்று எழுதினேன்.

"லேசான நீலம்தானே, கிட்டுல கோடு வருதில்ல?" என்று போனில் கேட்டாய். கிருமி நிறைய இருந்த ரத்தத்தில் வருகிறது, குறைவாக இருந்ததில் வரவில்லை என்று சொன்னேன். நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். உனக்கு அனுப்பிய பதிவேடு மறுநாள் திரும்பி வந்தபோது என் வரிக்குக் கீழே "ஏற்கப்பட்டது" என்று உன் கையெழுத்து. அதற்குத்தான் அவ்வளவு தூரம் போய்ப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாயா?

பேக்கிங் அக்காவை மறந்திருக்க மாட்டாய். உன் வளைகாப்பு மாதிரி அமர்க்களமாக உன்னை வழியனுப்பி வைத்து, வாசலில் நின்று அழுதவர். அவருடைய எட்டு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. தன் கையால் பேக் செய்த கிட்தானே என்று வீட்டிலேயே விரலில் குத்திப் பார்த்திருக்கிறார். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கோடு வந்தது, நோயைக் காட்டும் கோடு வரவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துவிட்டு மூன்று நாள் வேலைக்கு வந்தார். நான்காம் நாள் குழந்தைக்கு வலிப்பு. ஆஸ்பத்திரியில் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து மலேரியா என்றார்கள். நேற்றுக் கண் திறந்தாள். இன்னும் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

வார்டு வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொட்டு கம்மியா விட்டுட்டேனோ? அவசரத்துல செஞ்சேம்மா. என் தப்புதானே?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. உன் மேல் மட்டுமில்லை. அனுப்பக் கூடாது என்று எழுதியதோடு கடமை முடிந்ததாக வீட்டுக்குப் போனவள் நான். "உங்க தப்பில்லக்கா, கிட்டு சரியில்ல. எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன். "தெரிஞ்சேவா?" என்றார். கையை விலக்கிக்கொண்டார்.

கிடங்கில் மிச்சமிருந்த பெட்டிகளைப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம். மேலாளர் குதிக்கிறார், குதிக்கட்டும். ஆனால் கிளினிக்குகளுக்குப் போய்விட்ட பெட்டிகளை உன் உத்தரவு இல்லாமல் திருப்ப முடியாது. எத்தனை பிள்ளைகளின் விரலில் இன்று குத்துகிறார்களோ. பதிவேட்டுப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். இன்னொரு நகல் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகிறது. மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

கையெழுத்து உன்னுடையது என்பதையும் அக்காவிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமலே, "அவளுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

பெட்டிகளை இன்றே திரும்ப வரவழை. அப்புறம் அவருக்கு நீயே போன் செய். சாக்கு எதுவும் சொல்லாதே. உன் பிள்ளைகளுக்கு ஒரு தும்மல்கூட வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே மேசையில் நின்றவள்